காது குத்தும் அரசாங்கம்

(பவானியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'விலங்கின் பார்வையில் கேட்டுலகக் கதை'. நோட்டீசில் இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வந்தவர்களுக்கு முதலில் தலைப்பை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். அரசு எல்லை மீறிப் போய், நிற்பதற்கும் நடப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் கணக்குக் கேட்கத் தொடங்கினால் உலகம் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதுகிற கதைகள் உண்டு. டிஸ்டோபியா என்று பேர் சொல்வார்கள். நாம் கேட்டுலகக் கதை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் வருங்காலத்தில் நடக்கும். சுவருக்குச் சுவர் கேமரா, எல்லாருக்கும் ஒரே உடுப்பு, பேருக்குப் பதிலாக எண். இதெல்லாம் இல்லாமல் மேட்டுக்காடு, ஆட்டுப்பட்டி, ஒரு கிழவன், ஒரு கிழவி, ஒரு கருப்புக் குட்டி, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு உலகத்தைக் காட்டிய நாவல் தமிழில் இருக்கிறது. எழுதியவரின் ஊருக்கு இங்கிருந்து ஈரோடு வழியாகப் பஸ் ஏறிப் போய்விடலாம். லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் பிறகு போவோம். முதலில் பட்டிக்குப் போவோம்.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' 2016 கடைசியில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கதை எளிமையானது. பொழுது சாய்கிற நேரத்தில் காட்டோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவனிடம், ராட்சசன் மாதிரி உருவம் கொண்ட ஒருவன் வந்து உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்ட ஆட்டின் கடைசிக் குட்டி அது. நல்ல கருப்பு. கிழவனும் கிழவியும் எடுத்து வளர்க்கிறார்கள். பட்டியிலிருக்கிற தாயாடு அதற்கு மடி கொடுக்க மறுக்கிறது. கிழவிதான் அதை உயிர் தரிக்க வைக்கிறாள். பூனாச்சி என்று பேர் வைக்கிறாள். அப்புறம் அது வளர்கிறது, பருவத்துக்கு வருகிறது, ஒரு கிடாய் மேல் ஆசைப்படுகிறது, அதை இழக்கிறது, குட்டி போடுகிறது, குட்டிகளையும் ஒவ்வொன்றாக இழக்கிறது. நடுவில் மழை பொய்க்கிறது, பஞ்சம் வருகிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. இன்னும் படிக்காதவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

இதில் கேட்டுலகம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். குட்டியின் காதில் வருகிறது.

நாவலில் ஒரு சட்டம் இருக்கிறது. பிறக்கிற ஒவ்வொரு ஆட்டுக்குட்டியையும் அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டி, காது குத்தி, அடையாளம் மாட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிழவி குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நீண்ட வரிசையில் நிற்கிறாள். வெயில். பசி. வரிசையில் நிற்பவர்கள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அரைகுறை வாக்கியங்களில் பேசுகிறார்கள். யார் காதில் எது விழும் என்று தெரியாது. உள்ளே போனால், குட்டி எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, எப்படி இத்தனை கருப்பாக இருக்கிறது என்று விசாரணை. கருப்பு ஆடு என்றால் அதிகாரத்துக்கு ஆகாது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாதே, ஏதாவது செய்துவிட்டு ஓடினால் எப்படிப் பிடிப்பது? கிழவி ஒரு கதை கட்டித்தான் குட்டியைக் காப்பாற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

படிக்கிறபோது சிரிப்பு வரும். பிறகு நாம் எங்கெங்கே இப்படி நின்றோம் என்று நினைவு வரும். ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில், 2016 நவம்பரில் பேங்க் வாசலில் செல்லாத நோட்டோடு. நாவல் கடைக்கு வந்ததும் ஏறக்குறைய அந்த நோட்டு வரிசைகளின் காலத்தில்தான். எழுத்தாளர் அதை நினைத்து எழுதியிருக்க முடியாது. வாசகன் அதை நினைக்காமல் படித்திருக்கவும் முடியாது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நாவலின் அதிகாரிகள் பயப்படுகிற அந்தக் கருப்பு வெள்ளாடு கற்பனை இல்லை. சேலம், நாமக்கல், தர்மபுரி, நம் ஈரோடு மாவட்டங்களில் உடம்பு முழுக்கக் கருப்பாக இருக்கிற வெள்ளாட்டுக்குச் 'சேலம் கருப்பு' என்று பேர். ஹரியானாவில் கர்னாலில் இருக்கிற தேசியக் கால்நடை மரபு வள நிறுவனத்தின் பட்டியலில் தனி இனமாகவே அது பதிவாகியிருக்கிறது. நிஜத்தில் அரசு அந்தக் கருப்பைப் பாராட்டிப் பதிவு செய்கிறது. கதையில் சந்தேகப்பட்டுப் பதிவு செய்கிறது. இரண்டு பதிவும் ஆட்டைக் கேட்டு நடக்கவில்லை.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதன் பின்கதையைத்தான். நானும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2010இல் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது. நாலு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பேச்சுவார்த்தை. அதற்குப் பிறகு, பெருமாள்முருகன் என்கிற எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா இருவரும் அமர்ந்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அவர் எழுதலாம் என்கிற பக்கம் நின்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'கோழையின் பாடல்கள்' என்ற கவிதைத் தொகுப்பு. ஆண்டுக் கடைசியில் பூனாச்சி.

நாவலுக்கு அவர் எழுதிய முன்னுரையில் ஒரு கசப்பான நகைச்சுவை உண்டு. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பயம், அசுரர்களைப் பற்றி எழுதலாம் என்று போகிறது. விலங்குகளில் தனக்கு நன்றாகத் தெரிந்தவை ஐந்துதான் என்கிறார். நாயும் பூனையும் கவிதைக்குப் போய்விட்டன. மாட்டைப் பற்றியும் பன்றியைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. மிச்சம் ஆடு, வெள்ளாடும் செம்மறியும். அதில் வெள்ளாடுதான் தொந்தரவு இல்லாதது, சுறுசுறுப்பானது, ஆகவே வெள்ளாடு. அவர் சொன்ன கருத்தை என் வார்த்தையில் சொல்கிறேன், அவர் நடை இதைவிடக் கூர்மை.

இந்த முன்னுரைதான் நாவலுக்குப் பெரிய உதவியும் செய்தது, பெரிய கெடுதலும் செய்தது என்பது என் அபிப்பிராயம். என். கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் 2018இல் ஆங்கிலத்தில் வந்தபோது ஜேசிபி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. 2020இல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு மொழிபெயர்ப்புப் பிரிவின் நெடும்பட்டியலில் இருந்தது. அப்போது வந்த மதிப்புரைகளில் நான் படித்தவற்றில் பலவும் ஒரே வாய்பாட்டைச் சொல்லின: வாயடைக்கப்பட்ட எழுத்தாளர் ஆட்டின் தோலைப் போர்த்திக்கொண்டு பேசுகிறார், பூனாச்சி என்பது பெருமாள்முருகன், காது குத்துவது என்பது தணிக்கை. கணக்கு நேராகிவிட்டது, புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

நான் இதற்கு உடன்படுவதில்லை. அப்படிப் படித்தால் நாவலில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் போய்விடும். தணிக்கையைப் பற்றி எழுத வந்தவன், குட்டிக்குப் பால் புகட்டுவதற்குக் கிழவி படுகிற பாட்டை அத்தனை பக்கம் எழுதமாட்டான். மறி எப்போது பருவத்துக்கு வருகிறது, எப்படிக் கத்துகிறது, கிடாய்க்குட்டிகளுக்கு உடையடிக்கிற அன்றைக்குப் பட்டி எப்படி இருக்கிறது என்றெல்லாம் எழுதமாட்டான். இவர் 'கூளமாதாரி' எழுதியவர். ஆடு மேய்க்கிற பண்ணையத்துப் பிள்ளைகளைப் பற்றி நாவல் முழுக்க எழுதியவர். 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' தொகுத்தவர். ஆடு இவருக்கு மாறுவேஷம் இல்லை, கூடவே வளர்ந்த ஜீவன். பூனாச்சியை ஆடாகவே படிக்க வேண்டும். ஆடாகப் படிக்கிறபோதுதான் இந்தக் கேட்டுலகம் முழுசாகத் தெரிகிறது.

இப்போது லண்டனுக்குப் போகலாம்.

விலங்கையும் கொடுங்கோலையும் சேர்த்து எழுதிய கதை என்றால் எல்லார் நினைவுக்கும் வருவது ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'. க.நா.சு. அதைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். ஆர்வெல் பிறந்தது 1903இல் பிகாரில் மோதிஹாரியில் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புத்தகம் வெளியானது 1945 ஆகஸ்டில். அதற்கு முந்தின வருடம் கவிஞர் டி.எஸ். எலியட் தன் பதிப்பகத்தின் சார்பில் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். 1947இல் உக்ரேனிய மொழிப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், கதை எப்படித் தோன்றியது என்று ஆர்வெல் சொல்கிறார். ஒரு கிராமத்துக் குறுகலான பாதையில் பத்து வயசுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையை ஓட்டிக்கொண்டு வருகிறான். குதிரை திரும்பப் பார்க்கும்போதெல்லாம் சாட்டையால் அடிக்கிறான். இந்தக் குதிரைக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. பணக்காரர்கள் தொழிலாளியைச் சுரண்டுவது போலத்தான் மனிதர்கள் விலங்குகளைச் சுரண்டுகிறார்கள் என்று அங்கிருந்து யோசனை ஓடுகிறது.

பாருங்கள், ஆரம்பித்தது ஒரு நிஜக் குதிரையில், அடி வாங்குகிற குதிரையில். கதை முடிகிறபோது குதிரை தொழிலாளி வர்க்கமாகிவிட்டது, பன்றி கட்சித் தலைவராகிவிட்டது, நாய் ரகசியப் போலீசாகிவிட்டது. ஒரு பாத்திரமும் மிருகமாக மிஞ்சவில்லை. அது குறை என்று சொல்லவில்லை, அந்தக் கதையின் வேலை அது. நம் பாரதியார் 'காக்காய் பார்லிமெண்ட்' எழுதினாரே, அதிலும் காக்காய்கள் கூடிப் பேசுவது மனுசக் காரியம்தான். பஞ்சதந்திரம் தொட்டு வருகிற வழி இது. விலங்கு வாயைத் திறந்தால் உள்ளே மனுசன் உட்கார்ந்திருப்பான்.

வேறு வழியில் போனவர் ஒரு ரஷ்யர். கியோர்கி விளாதிமோவ். 'விசுவாசி ருஸ்லான்' என்று அவர் கதையின் பேரைத் தமிழில் சொல்லலாம். சோவியத் நாட்டில் அச்சாக முடியாமல் 1975இல் மேற்கு ஜெர்மனியில் வெளியானது. ருஸ்லான் என்பது ஒரு காவல் நாய். சைபீரியக் கைதி முகாமில் கைதிகளை வரிசை தவறாமல் நடத்திப் போவதற்குப் பழக்கப்பட்டது. ஸ்டாலின் செத்த பிறகு முகாமைக் கலைத்துவிடுகிறார்கள். வேலி திறந்து கிடக்கிறது. கைதிகள் இல்லை, காவலர்களும் கிளம்பிவிட்டார்கள். ருஸ்லானுக்கு ஒன்றும் புரியவில்லை. கைதிகள் தப்பித்துவிட்டார்கள், எப்படியும் திரும்ப வருவார்கள் என்று ரயில் நிலையத்தில் போய்க் காத்துக் கிடக்கிறது. ஒருநாள் ரயிலில் கட்டட வேலைக்கு ஒரு கூட்டம் வந்து இறங்குகிறது. பாட்டும் கூத்துமாகச் சாலையில் வரிசையாக நடக்கிறார்கள். ஊரில் சிதறிக் கிடந்த பழைய காவல் நாய்களெல்லாம் எங்கிருந்தோ வந்து, சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் அணிவகுத்து, கூடவே நடக்கத் தொடங்குகின்றன. யாராவது வரிசையை விட்டு விலகினால் பல்லைக் காட்டுகின்றன.

இந்தக் காட்சியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். ஒரு கைதி எழுதியிருந்தால் முகாமின் கொடுமை தெரிந்திருக்கும். ஒரு காவலன் எழுதியிருந்தால் சாக்குப்போக்கு தெரிந்திருக்கும். நாயின் கண்ணில் பார்த்ததனால் மூன்றாவதாக ஒன்று தெரிகிறது: முகாமைக் கலைக்க ஆணை போட்டுவிடலாம், பழக்கிய உடம்பை அப்படிக் கலைக்க முடியாது. ருஸ்லானுக்கு ஸ்டாலின் யாரென்று தெரியாது. கட்சி தெரியாது. அதற்குத் தெரிந்தது எஜமானின் குரல், கையில் கொடுத்த தீனி, வரிசை.

பூனாச்சிக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் இந்த நாவலின் அடிநாதம். உலகப் புகழ் பெற்ற கேட்டுலகக் கதைகளில் ஒரு கதாநாயகன் இருப்பான். '1984' நாவலின் வின்ஸ்டன் ஸ்மித் மாதிரி. அவனுக்கு ஒரு கட்டத்தில் கண் திறக்கும். இது அநியாயம் என்று புரியும். எதிர்ப்பான், மாட்டிக்கொள்வான், ஒடுங்குவான். படிக்கிற நாமும் அவனோடு சேர்ந்து விழித்துக்கொள்வோம். பூனாச்சிக்கு அப்படி விழிக்கிற கட்டமே கிடையாது. அரசு என்பது என்ன என்று அதற்கு யாரும் விளக்கவில்லை, விளக்கினாலும் புரியாது. காதில் ஓட்டை விழுந்தது தெரியும். வலித்தது தெரியும். தீனி குறைந்தது தெரியும். கழுத்தில் கயிறு ஏறியது தெரியும். அரசாங்கம் அதன் உடம்புக்கு வந்து சேர்கிற வழி இவ்வளவுதான்.

கயிறு என்று சொன்னேன். இங்கேதான் நாவல் என்னைக் கலங்கடிக்கிறது. காது குத்தியது அதிகாரி. கயிறு கட்டியது யார்? கிழவி. பூனாச்சியை மடியில் போட்டு வளர்த்த அதே கிழவி.

கிழவி கெட்டவள் இல்லை. தமிழ்ப் புனைவில் இத்தனை வாஞ்சையோடு ஒரு கிழவியைப் பார்ப்பது அபூர்வம். தன் வயிற்றைக் காயப்போட்டுக் குட்டிக்குக் கொடுக்கிறவள். மகள் வீட்டுக்குப் போகிற வழியில் காட்டில் குட்டி தொலைந்தபோது அவள் கதறுகிற கதறலைப் படித்துப் பாருங்கள். அந்தக் குரல் கேட்டுத்தான் பூனாச்சி காட்டின் சுதந்திரத்தை விட்டுவிட்டு ஓடி வருகிறது. அந்தப் பிரியத்தில் பொய்யே இல்லை. ஆனாலும் முதல்முறை பூனாச்சியைக் கிடாய்க்கு விடுவது கிழவிதான். அதற்கு விருப்பமே இல்லாத ஒரு கிழட்டுக் கிடாய்க்கு. அது ஆசைப்பட்ட பூவன் என்கிற கிடாயோ நோம்பிக்கு வெட்டுப்படுகிறது. போட்ட ஏழு குட்டிகளைப் பால்குடி மறந்ததும் விற்பது கிழவனும் கிழவியும்தான். அவர்களுக்கு வேறு வழி கிடையாது, விற்றால்தான் அடுப்பெரியும். ஆட்டின் பக்கம் நின்று பார்த்தால், பட்டியிலும் ஒரு அரசாங்கம் நடக்கிறது. வேளைக்குத் தீனி போடுகிறது, நோய் வந்தால் பார்க்கிறது, பேர் சொல்லிக் கூப்பிடுகிறது; யார் யாரோடு சேரலாம், யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. எந்த அரசாங்கம் தன் காதைக் குத்தியது, எது தன் குட்டியை எடுத்துக்கொண்டது என்று ஆடு பிரித்துப் பார்ப்பதில்லை. நாம்தான் பிரிக்கிறோம். கிழவியை மன்னித்துவிட்டு அதிகாரியைத் திட்டுகிறோம்.

மனுசனைக் கதாநாயகனாக வைத்து இதைச் சொல்லியிருக்க முடியாது. அடக்குகிறவனும் அடங்குகிறவனும் அங்கே தனித்தனியாக நிற்பார்கள். ஆடு நடுவில் வந்ததும், அதிகாரியின் முன்னால் கைகட்டி நிற்கிற கிழவியே பட்டிக்குத் திரும்பியதும் அதிகாரியாகிவிடுகிறாள்.

நம்ம பக்கத்துச் சந்தைகளுக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரையும் மாடும் கூடுகிற சந்தையைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஆட்கள் விலை பேசுவதை நின்று கவனியுங்கள். வாய் பேசாது. கை மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, இத்தனை ஆயிரம், இத்தனை நூறு என்று அழுத்திச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. முகத்தில் சிரிப்பு இருக்கும், சில நேரம் கோபம் இருக்கும், துண்டு மட்டும் அசையும். கன்றிலிருந்து வளர்த்தவர் அந்தத் துண்டுக்குள்ளேதான் சம்மதம் சொல்கிறார். கயிறு கை மாறுகிறது. மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. தன் தலையெழுத்தைத் தனக்குப் புரியாத பாஷையில் பக்கத்திலேயே நின்று இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஒரு கேட்டுலகக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எந்த நாட்டு நாவலிலாவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆட்டுக்கும் அரசுக்கும் நிஜத்தில் இருக்கிற உறவையும் கொஞ்சம் பார்ப்போம். 1950இல் சென்னை மாநிலத்தில் கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அது பாட்டுக்குக் கிடந்தது. 2003இல் அதைத் தூசு தட்டி எடுத்துக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள். கெடா வெட்டுப் போட முடியாமல் ஊர் ஊராக நோம்பிகள் திணறின. 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். இந்த இடைவெளியில் கோயிலில் வெட்டுப்படாத கிடாய்கள் கசாப்புக் கடைக்குப் போயின. கிடாயின் பக்கமிருந்து பார்த்தால் என்ன மாறியது? பிறகு 2011இல் விலையில்லா ஆடுகள் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள். அதனால் பிழைத்த பெண்கள் நம் வட்டாரத்திலேயே நிறைய உண்டு, அந்தத் திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

2019 செப்டம்பரில் மதுராவில் தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் தடுப்பூசி. ஊசி போட்ட கால்நடைக்குக் காதில் மஞ்சள் வில்லை. வில்லையில் 12 இலக்க எண். நமக்கும் அதே 12 இலக்கம் என்பதால் மாட்டு ஆதார் என்று ஜனங்களே பேர் வைத்துவிட்டார்கள். நாவல் வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பெருமாள்முருகன் ஜோசியம் சொல்லிவிட்டார் என்று சிலர் கைதட்டினார்கள். நான் கைதட்ட மாட்டேன். கோமாரி வந்து வாயில் நுரை தள்ளி, குளம்பு கழன்று நிற்கிற மாட்டைப் பார்த்தவர்கள் அந்தத் தடுப்பூசியின் அருமையை உணர்வார்கள். வில்லை இருந்தால்தான் எதற்கு ஊசி போட்டோம், எதற்குப் போடவில்லை என்று கணக்கு வைக்க முடியும். நியாயமான காரணம்.

ஆனால் வில்லை அடிக்கிறபோது பக்கத்தில் நின்று பாருங்கள். இடுக்கி மாதிரி ஒரு கருவி. ஒருவர் குட்டியின் தலையைக் கால் இடுக்கில் பிடித்துக்கொள்வார். காதின் நடுவில், நரம்பு ஓடாத இடமாகப் பார்த்து ஒரே அழுத்து. டக்கென்று ஒரு சத்தம். குட்டி கத்துவது அதற்குப் பிறகு. முதல் நொடியில் அதற்குக் கத்தவும் தெரியாது, கண் மட்டும் பெரிதாகும். அப்புறம் நாலு நாள் தலையை உதறிக்கொண்டே திரியும். ஓட்டையில் புழு வைக்காமல் இருக்க வீட்டில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். வில்லை அடித்தவருடைய காரணம் நல்லது, அரசின் காரணம் நல்லது, வளர்க்கிறவரின் காரணமும் நல்லது. குட்டிக்கு எட்டியது அந்த டக் மட்டும். நல்ல காரணமும் கெட்ட காரணமும் ஒரே ஓட்டை வழியாகத்தான் அதற்குள் போகின்றன. இதைக் காட்டுவதற்கு விலங்கின் பார்வையைவிட நல்ல கருவி இலக்கியத்தில் இல்லை.

பஞ்சத்துக்கு வருகிறேன். நாவலின் பிற்பகுதி முழுக்கப் பஞ்சம்தான். 2016இல் வடகிழக்குப் பருவமழை நூறு வருடத்துக்கு மேலாகக் காணாத அளவுக்குப் பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. நம் கூடுதுறையில் காவிரி எப்படி இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் புதிதாகக் கடையில் இருக்கிறது, வெளியே புத்தகத்தில் இருக்கிற பஞ்சம் நடக்கிறது. வறட்சியில் முதலில் விலை போவது ஆடுதான். சோளத்தட்டும் கடலைக்கொடியும் விலை ஏற ஏற, ஆட்டு விலை இறங்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு வந்தால் யார் வாங்குவது? பூனாச்சியின் கிழவன், கிழவி கதையில் இந்தக் கணக்கு ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. எதை முதலில் விற்பது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது, கொழை வெட்ட மரமே இல்லாதபோது எதைப் போடுவது. மேலை நாட்டுக் கேட்டுலகங்களில் பஞ்சத்தை அரசு திட்டமிட்டுச் செய்யும். இங்கே மழை செய்கிறது, அரசு அதை வரிசையில் நிறுத்தி நிர்வகிக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் பயமாக இருக்கிறது. திட்டமிட்டவனையாவது ஒருநாள் கூண்டில் ஏற்றலாம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பூவன் மேல் பூனாச்சி வைக்கிற ஆசையைச் சொல்கிற பக்கங்களில் ஆடு கொஞ்சம் சினிமாக் கதாநாயகி ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் எனக்கு ஆட்டு வாசனை வரவில்லை. அதிகாரிகள் வருகிற பகுதிகளிலும் கேலி தூக்கலாக இருப்பதால் அவர்கள் அட்டைப் படங்களாக நிற்கிறார்கள். கிழவிக்குக் கொடுத்த ரத்தத்தில் நாலு சொட்டு அவர்களுக்கும் கொடுத்திருக்கலாம். பயந்து பயந்து எழுதிய எழுத்தாளர் அதிகாரத்தை மட்டும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டாரோ என்று தோன்றும். கிட்டப் போயிருந்தால், அந்த அதிகாரி வீட்டிலும் ஒரு ஆடு நின்றிருக்கும்.

விலங்கின் பக்கம் நின்று பார்க்கிற இந்தப் பார்வை நம் மண்ணுக்கு இறக்குமதி இல்லை என்பதற்கு ஒன்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். அண்ணன்மார் கதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இல்லை, விடிய விடிய உடுக்கை அடித்துப் பாடிக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1960களில் கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் வந்து தங்கி, அந்தப் பாட்டைப் பதிவு செய்து பிறகு புத்தகமாக்கினார். அதில் கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வருகிறது. அதை வேட்டையாட வீரர்கள் பரிவாரத்தோடு கிளம்புகிறபோது, பொன்னாச்சி என்கிற சின்னப் பெட்டை நாயைக் கூப்பிடாமல் போய்விடுகிறார்கள். அத்தனை வீரம் இருந்தும் கொம்பனை அவர்களால் வீழ்த்த முடியவில்லை. கடைசியில் அந்த நாயிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. தன்னை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டது பொன்னாச்சிக்கு அவமானம். பூனாச்சிக்கோ எண்ணிக்கையில் சேர்ப்பதே ஆபத்து. அந்தக் கதைக்கும் இந்தக் கதைக்கும் நடுவில் நமக்கு என்ன நடந்தது என்று வரலாற்று மாணவர்கள் யாராவது யோசித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகங்களில் இந்த நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு குட்டிக்காவது பால் புகட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை. இந்த அரங்கில் பாதிப் பேர் வீட்டில் பட்டி இருந்திருக்கும், சிலர் வீட்டில் இன்னும் இருக்கும். உங்கள் அம்முச்சியோ ஆத்தாவோ ஆடு வளர்த்தவராக இருந்தால், அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து இந்த நாவலின் முதல் சில பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் 'ஆடு அப்படிச் செய்யாது' என்று மறுத்தார், எந்த இடத்தில் பேச்சை மாற்றினார் என்று குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு நான் பேசவில்லை, நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.